ஒரு கோட்பாட்டை இன்னொன்றுக்குச் சான்றாக வைப்பது எப்படி?

அறிவியல் வாதம் எதையாவது எடுத்து ஊன்றிப் படித்துப் பாருங்கள். சான்று என்று காட்டப்படுவதில் கணிசமான பகுதி கண்ணால் கண்டதாகவோ கருவியால் அளந்ததாகவோ இருக்காது. இன்னொரு கோட்பாடாக இருக்கும். "வெப்ப இயக்கவியல் இதற்கு இடம் தராது" என்பார்கள். "குவாண்டம் இயற்பியலிலிருந்தே இது வந்துவிடுகிறது" என்பார்கள். புதிதாகப் படிக்க வருபவர் இந்த இடத்தில் பணிந்து தலையாட்டுகிறார், இல்லையேல் "கோட்பாட்டுக்குக் கோட்பாடே சாட்சியா?" என்று முறைத்துக்கொள்கிறார். இரண்டும் வேண்டாம். ஒரு கோட்பாடு இன்னொன்றைத் தாங்குகிறதா, எவ்வளவு தாங்குகிறது என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டே சோதித்துவிடலாம். பள்ளிக் கணிதம் போதும்.

பத்து எடுத்துக்காட்டுகளை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பது நல்லது. பூமியின் வயது குறித்து 19ஆம் நூற்றாண்டில் நடந்த தகராறை எடுத்துக்கொள்வோம். 1859இல் டார்வின் தன் பரிணாமக் கோட்பாட்டை வெளியிட்டபோது, தென் இங்கிலாந்தின் வீல்டு பகுதி இன்றுள்ள அளவுக்கு அரிக்கப்பட 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று போகிற போக்கில் ஒரு கணக்கும் போட்டார். கணக்கைப் பலர் போட்டுத் தாக்கவே, 1861இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார். அடுத்த ஆண்டே வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர், வெப்பக் கோட்பாட்டோடு வந்து சேர்ந்தார். பூமி இறுகி ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன என்றார். இயற்கைத் தேர்வு மெல்ல மெல்ல வேலை செய்ய அந்தக் காலம் போதாது. கெல்வினின் கணக்கு தன்னை மிகவும் வாட்டும் தொல்லைகளில் ஒன்று என்று டார்வினே ஒரு கடிதத்தில் எழுதினார்.

ஒரு கோட்பாடு இன்னொன்றுக்கு எதிர்ச்சான்றாக நின்ற இடம் இது. பின்னாளில் அதே இடத்தில் வேறொரு கோட்பாடு ஆதரவுச் சான்றாக வந்து நின்றது. ஆதரவோ எதிர்ப்போ, சோதிக்கும் முறை ஒன்றுதான்.

முதல் படி: இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று எழுதுங்கள்

முழுக் கோட்பாடு முழுக் கோட்பாட்டுக்குச் சான்றாவதில்லை. ஒன்றிலிருந்து வரும் ஏதோ ஒரு கூற்று, மற்றதிலிருந்து வரும் ஏதோ ஒரு கூற்றைத் தொடுகிறது. அந்தத் தொடுபுள்ளியை ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். நம் வழக்கில் அது ஓர் எண்: பூமியின் மேற்பரப்பு இறுகி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? வெப்பக் கோட்பாடு ஒரு விடை தருகிறது. பரிணாமம் தனக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாக்கியம் எழுத வரவில்லையென்றால் அங்கே சான்று எதுவும் இல்லை என்று மேலே போய்விடுங்கள். "குவாண்டம் இயற்பியல் மனத்தின் ஆற்றலை நிரூபித்துவிட்டது" என்பது போன்ற முழக்கங்கள் இந்த முதல் படியிலேயே விழுந்துவிடும். மிச்சப் படிகளுக்கு அவற்றை இழுத்துவர வேண்டியதில்லை.

இரண்டாம் படி: கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

"இயற்பியலின்படி" என்று சொல்லிவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. எந்த இயற்பியல், எப்படி? கெல்வின் கையாண்டது ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பக் கடத்தல் கோட்பாடு. கெல்வினின் வாதம் நேரானது. பூமி ஒரு காலத்தில் உருகிய நிலையில் இருந்தது. மேற்பரப்பு குளிர்ந்துவிட்டது, உள்வெப்பம் பாறை வழியாக மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. காலம் போகப் போகக் குளிர்ச்சி ஆழத்துக்கு இறங்கும். ஆகவே சுரங்கத்தில் இறங்கும்போது வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்தால், குளிரத் தொடங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று பின்னோக்கிக் கணக்கிடலாம்.

அவர் எடுத்துக்கொண்ட எண்களை இன்றைய அலகுக்கு மாற்றினால் இப்படி வரும். தொடக்க வெப்பநிலை ஏறக்குறைய 3,900 டிகிரி செல்சியஸ். ஆழத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் 36.5 டிகிரி ஏறுகிறது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 107 கிலோமீட்டர். அதன் வர்க்கம் சுமார் 11,400 சதுர கிலோமீட்டர், அதாவது 1,140 கோடி சதுர மீட்டர். பாறையில் வெப்பம் பரவும் வேகத்தைக் காட்டும் எண் ஆண்டுக்கு 37 சதுர மீட்டர். சூத்திரப்படி அதை π (பை, அதாவது 3.14) என்ற எண்ணால் பெருக்கினால் 116. 1,140 கோடியை 116ஆல் வகுத்துப் பாருங்கள்: 9.8 கோடி ஆண்டுகள். கெல்வினும் இதைத்தான் சொன்னார். பாறைகளின் பண்புகள் சரியாகத் தெரியாததால் 2 கோடியிலிருந்து 40 கோடிவரை இடைவெளி விட்டுக்கொண்டார்.

கணக்கில் பிழை இல்லை. ஃபூரியேயின் கோட்பாட்டிலும் பிழை இல்லை. இன்றும் பொறியியல் கல்லூரிகளில் அதைத்தான் கற்பிக்கிறார்கள். விடை மட்டும் நாற்பது மடங்குக்கு மேல் தவறு. இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் படி: இடையில் நுழைந்த எடுகோள்களைப் பட்டியலிடுங்கள்

கோட்பாடு தனியாக எந்த விடையையும் தருவதில்லை. கூடவே சில எடுகோள்களைச் சேர்த்தால்தான் விடை வரும். கெல்வினின் கணக்கில் குறைந்தது நான்கைப் பொறுக்கி எடுக்கலாம். தொடக்க வெப்பநிலை அவர் சொன்னதுதான். வெப்பம் கடத்தல் வழியாக மட்டுமே நகர்கிறது, அதாவது உள்ளே எதுவும் புரண்டு கலக்கவில்லை. மேலேயிருந்து அடிவரை பாறை ஒரே மாதிரி வெப்பத்தைக் கடத்துகிறது. உள்ளே புதிதாக வெப்பம் பிறக்கவில்லை.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். "அந்தக் கோட்பாடு நிறுவப்பட்டதா?" என்று கேட்டு, ஆம் என்று விடை வந்ததும் நின்றுவிடுகிறார்கள். விக்டோரியா காலத்துப் பெரியவர்களும் அப்படித்தான் நின்றார்கள். இயற்பியல் உறுதியானது, நிலவியல் தடுமாறுகிறது, ஆகவே இயற்பியல் சொல்வதுதான் முடிவு என்று கருதினார்கள். இயற்பியலின் உறுதி ஃபூரியேயின் சமன்பாட்டுக்குச் சொந்தம். அதன் மேல் ஏறிக்கொண்ட நான்கு எடுகோள்களுக்கு அந்த உறுதி தானாக வந்துவிடாது.

எண்ணில் பார்த்தால் இன்னும் உறைக்கும். நான்கு எடுகோள்களும் ஒன்றையொன்று சாராதவை, ஒவ்வொன்றும் சரியாக இருக்க 80 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் சேர்ந்து சரியாக இருக்கும் வாய்ப்பு 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8, அதாவது 41 விழுக்காடு. தனித்தனியே கேட்டால் எல்லாமே நம்பக்கூடியதாகத் தெரிகிறது. மொத்தம் பாதிக்கும் கீழே.

கெல்வினுக்கு இது தெரியாமல் இல்லை. சூரியனின் வயதைப் பற்றி அதே 1862இல் எழுதியபோது, நமக்கு இன்னும் தெரியாத வெப்ப மூலங்கள் எதுவும் இல்லாவிட்டால்தான் தன் கணக்கு நிற்கும் என்று வாசலைச் சற்றுத் திறந்தே வைத்தார். வயது ஏற ஏற அந்த எச்சரிக்கை தேய்ந்தது. 1897இல் பூமிக்கு 2 முதல் 4 கோடி ஆண்டுகள்தான் என்று இன்னும் இறுக்கினார்.

இந்த எடுகோள்களில் ஒன்றைச் சரியாகத் தொட்டவர் ஜான் பெரி. ஒரு காலத்தில் கெல்வினிடமே உதவியாளராக இருந்த பொறியாளர். பூமியின் ஆழத்தில் வெப்பம் மேற்புறத்தைவிட எளிதாக நகர்ந்தால் என்ன ஆகும் என்று 1895இல் கேட்டார். உள்ளே பகுதி உருகிய பொருள் மெல்லப் புரண்டாலும் அந்த நிலை வந்துவிடும். அப்போது மேற்பரப்புக்கு அடியிலிருந்து வெப்பம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். சுரங்கத்தில் அளக்கும் அதே 36 டிகிரிக்குப் பூமியின் வயது நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளாகவும் இருக்கலாம் என்று காட்டினார். ஃபூரியேயின் சமன்பாட்டில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றவில்லை. அன்று அவர் பேச்சு பெரிதாக எடுபடவில்லை என்பது வேறு கதை.

கதிரியக்கம் வந்து கெல்வினைக் கவிழ்த்தது என்று பாடநூல்கள் எழுதுவது வழக்கம். 1904இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கெல்வின் அவையில் இருக்க, ரேடியத்தின் வெப்பம் பற்றி ரதர்ஃபோர்டு பேசிய காட்சியும் கூடவே வரும். சுவையான காட்சிதான். ஆனால் கதிரியக்க வெப்பத்தை மட்டும் கெல்வினின் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் விடை பெரிதாக மாறுவதில்லை. குளிர்ச்சி இறங்கிய அந்த நூறு கிலோமீட்டருக்குள் பிறக்கும் வெப்பம்தான் கணக்கைத் தொடும், அது போதாது. உண்மையில் உடைந்தது பெரி காட்டிய இடம். கதிரியக்கம் வேறொரு வழியில் உதவியது: வயதை நேரடியாக அளக்க ஒரு கடிகாரம் கொடுத்தது.

நான்காம் படி: நம்பிக்கையைக் கணக்கில் கொண்டுவாருங்கள்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சான்றாக நிற்கும் கோட்பாட்டுக்கு எவ்வளவு நம்பகம் உண்டோ, அதை மீறி அது வேறொன்றுக்குக் கொடுக்க முடியாது. முதல் கோட்பாடும் அதன் எடுகோள்களும் சேர்ந்து சரியாக இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு என்று கொள்வோம். அவை சரியென்றால் இரண்டாம் கோட்பாட்டுக்கு 95 விழுக்காடு வாய்ப்பு, தவறென்றால் 40. மொத்தம் 0.9 மடங்கு 95, கூட்டல் 0.1 மடங்கு 40; அதாவது 89.5. முதலாவதன் மீதுள்ள நம்பிக்கை 50 விழுக்காடாக இறங்கினால் அதே கணக்கு 67.5 தரும். இந்த எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. வாழ்க்கையில் யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் போட்டுப் பாருங்கள். "தவறென்றால் 40" என்ற இடத்தை நிரப்பும்போதுதான், முதல் கோட்பாடு இல்லாவிட்டாலும் இரண்டாவதை நாம் ஏற்கெனவே எவ்வளவு நம்புகிறோம் என்பது வெளிப்படும்.

ஐந்தாம் படி: தடையை நீக்குகிறதா, தாங்கிப் பிடிக்கிறதா?

இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பூமிக்கு 455 கோடி ஆண்டுகள் வயது என்பது பரிணாமத்தை நிரூபிக்கவில்லை. உயிரே இல்லாத கோளுக்கும் அதே வயது இருக்கலாம். நெடிய காலம் ஒரு தடையை மட்டும் நீக்குகிறது.

தடை நீங்குவதும் ஆதரவுதான், ஆனால் அளவு மாறுபடும். பரிணாமத்துக்கு நெடுங்காலம் கட்டாயம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பரிணாமத்தை 30 விழுக்காடு நம்புகிறார். பூமி மிகப் பழையது என்பதில் அவருக்கு 50 விழுக்காடுதான் நம்பிக்கை. பழையது என்று உறுதியானதும் அவருடைய 30, 60 ஆக வேண்டும், முப்பதை 0.5ஆல் வகுத்தால் அதுதான் வரும். ஆனால் பழைமையை அவர் முன்பே 90 விழுக்காடு நம்பியிருந்தால் 30 வெறும் 33 ஆகும். தடை எவ்வளவு பெரிதாகத் தெரிந்ததோ, அவ்வளவுக்குத்தான் அது நீங்கியதற்கு மதிப்பு.

இங்கே ஒரு சிறு பொறி உண்டு. முதலாவது இரண்டாவதைத் தாங்குகிறது, இரண்டாவது மூன்றாவதைத் தாங்குகிறது என்பதால் முதலாவது மூன்றாவதைத் தாங்கிவிடாது. 52 சீட்டில் ஒன்றை உருவுங்கள். அது கறுப்பு என்று தெரிந்தால் ஸ்பேடு ஏஸாக இருக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. ஸ்பேடு ஏஸ் என்றால் அது ஏஸ் என்பது உறுதி. ஆனால் கறுப்பு என்று தெரிந்ததால் ஏஸ் வாய்ப்பு இம்மியும் ஏறவில்லை. முன்பும் பதின்மூன்றில் ஒன்று, இப்போதும் பதின்மூன்றில் ஒன்று. "வயது பரிணாமத்தைத் தாங்குகிறது, பரிணாமம் இதைத் தாங்குகிறது, ஆகவே..." என்று யாராவது அடுக்கினால் ஒவ்வொரு அடுக்கையும் தனியே கேளுங்கள்.

ஆறாம் படி: அம்பைத் திருப்பிப் பாருங்கள்

முதல் கோட்பாட்டிலிருந்து இரண்டாவது வருகிறது என்றால், இரண்டாவது பொய்யானால் முதலாவதும் ஆட்டம் காணும். வாதம் இரு திசையிலும் ஓடும். எந்தப் பக்கம் ஓடவிடுவது என்பதில் பெரிய தலைகளே இடறியிருக்கின்றன.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், பயணத்தின்போதே ஒரு கணக்கைப் போட்டார். குவாண்டம் புள்ளியியலையும் சிறப்புச் சார்பியலையும் சேர்த்தால், வெண்குள்ள விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) நிறைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தாக வேண்டும். இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதைத் தாண்டிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எழுந்து இதை எதிர்த்தார். விண்மீன் அப்படிக் கண்டபடி சுருங்காது, ஆகவே இரு கோட்பாடுகளையும் இணைத்த விதத்தில்தான் கோளாறு என்பது அவர் வாதம்.

வடிவத்தில் எடிங்டனின் வாதம் முறையானதே. விளைவு அபத்தம் என்றால் காரணத்தைச் சந்தேகிக்கலாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரு முனைகளில் எதற்கு வெளியிலிருந்து அதிக ஆதரவு? குவாண்டம் புள்ளியியலுக்கும் சார்பியலுக்கும் விண்மீன்களோடு தொடர்பில்லாத ஆய்வகச் சான்றுகள் இருந்தன. விண்மீன் அப்படிச் சுருங்காது என்பதற்கு எடிங்டனின் இயற்கை பற்றிய உணர்வைத் தவிர அதிகம் இல்லை. அப்போது அம்பு சந்திரசேகர் காட்டிய திசையில்தான் ஓட வேண்டும். எடிங்டனின் புகழ் பல ஆண்டுகள் அதை மறைத்து நின்றது. 1967இல் துடிப்பு விண்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டு, அவை வெண்குள்ளங்களைவிடப் பன்மடங்கு சுருங்கிய நியூட்ரான் விண்மீன்கள் என்று தெரிந்தபோது, சுருங்காது என்ற உணர்வுக்கு இடமில்லாமல் போயிற்று.

ஏழாம் படி: சாட்சிகள் தனித்தனியாக வந்தவர்களா?

பல வழிகள் ஒரே விடையில் கூடினால் நம்பிக்கை ஏறும். ஏற வேண்டும்தான், ஒரு நிபந்தனையோடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் பூமிக்குச் சில கோடி ஆண்டுகள், மிஞ்சினால் ஏறக்குறைய 10 கோடி என்று வெவ்வேறு திசைகளிலிருந்து சொன்னார்கள். கெல்வினின் குளிர்ச்சிக் கணக்கு ஒன்று. ஈர்ப்புச் சுருக்கத்தால் சூரியன் எரிகிறது என்ற ஹெல்ம்ஹோல்ட்ஸின் கோட்பாடு இன்னொன்று. ஆறுகள் கடலில் கொண்டுசேர்த்த சோடியத்தை வைத்து 1899இல் அயர்லாந்தின் ஜான் ஜோலி போட்ட கணக்கு 8, 9 கோடி என்றது. மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போயின. மூன்றும் தவறு.

ஏன்? சூரியக் கணக்கும் பூமிக் கணக்கும் தெரியாத வெப்ப மூலம் இல்லை என்ற ஒரே எடுகோளைப் பகிர்ந்துகொண்டன, ஆகவே அவை தனித்தனிச் சாட்சிகள் அல்ல. பூமிக் கணக்கு உடைந்தது, முன்பு பார்த்ததுபோல், பெரி காட்டிய இடத்தில். சூரியனுக்கு அந்த மூலம் அணுக்கருப் பிணைவு என்பது 1930களின் கடைசியில்தான் தெளிந்தது. ஜோலியின் கணக்கு கடலில் சோடியம் சராசரியாக எவ்வளவு காலம் தங்குகிறது என்பதை அளந்தது. கடலின் வயதை அல்ல. அதோடு, 2 கோடியிலிருந்து 40 கோடிவரை விரிந்து கிடக்கும் வலைக்குள் எதையாவது விழ வைப்பது அவ்வளவு கடினமில்லை.

இதற்கு நேர்மாறானது அணுக்கோட்பாட்டின் கதை. பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் 1913 வாக்கில், நுண்துகள்களின் தள்ளாட்டம், வானத்தின் நீலம், கதிரியக்கம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துக்கும் மேற்பட்ட வழிகளில் அவகாட்ரோ எண்ணை (ஒரு மோல் பொருளில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை) கணக்கிட்டுத் தொகுத்தார். எல்லாம் பத்தின் 23ஆம் அடுக்கைப் போல் ஏறக்குறைய 6 முதல் 7.5 மடங்கு என்ற இடுக்கில் வந்து விழுந்தன. ஒவ்வொரு வழிக்கும் தனி எடுகோள். விடை விழுந்த இடமோ ஒடுக்கம். அணுவை ஏற்காமல் அடம்பிடித்த ஆஸ்ட்வால்டு போன்ற வேதியியலாளரும் இத்தகைய ஆய்வுகளைக் கண்டபின் இறங்கி வந்தார். சாட்சிகள் கூடியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகள் போதும்: பொது எடுகோள் எது, விடை எவ்வளவு குறுகலான இடத்தில் விழுந்தது?

இன்றைய 455 கோடியை இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 1907இல் போல்ட்வுட் யுரேனியம் ஈயமாக மாறுவதை வைத்துப் பாறைகளுக்கு 41 முதல் 220 கோடி ஆண்டுகள் என்றார். 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடிக்கு வந்தார். அணுக்கருக் கோட்பாட்டின்மீது நிற்கும் கணக்கு இது. முக்கிய எடுகோள், சிதைவு வேகம் அன்றும் இன்றும் ஒன்றே என்பது. அதைத் தனியே சோதித்திருக்கிறார்கள். யுரேனியம் 238க்கு அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள், யுரேனியம் 235க்கு 70 கோடி. ஒரே சிர்க்கான் படிகத்துக்குள் இந்த இரு கடிகாரங்களும் ஓடி ஒரே வயதைக் காட்டுகின்றன. காபோன் நாட்டின் ஓக்லோவில் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே எரிந்த அணு உலையின் மிச்சங்கள் 1972இல் கிடைத்தன. அணுக்கரு விதிகள் அன்றும் இவைதான் என்பதை அவை காட்டுகின்றன. கெல்வினின் எடுகோள்களுக்கு இப்படி ஒரு சோதனையும் நடக்கவில்லை. அவர் எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

ஒரு பயிற்சி

கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வேகனர் 1912இல் சொன்னார். பூமியின் உட்புறம் மிக இறுக்கமானது, அவர் காட்டிய விசைகள் மிகச் சிறியவை, ஆகவே நகர முடியாது என்று ஹெரால்டு ஜெஃப்ரீஸ் இயற்பியலைக் கொண்டு மறுத்தார். 1920களின் கடைசியில் ஆர்தர் ஹோம்ஸ், திடமான பாறையும் நெடுங்காலத்தில் மெல்லப் புரளலாம், அந்தச் சலனமே கண்டங்களைச் சுமந்து செல்லலாம் என்றார். 1963இல் வைனும் மேத்யூஸும் கடலடிப் பாறையில் காணும் காந்தப் பட்டைகளை, கடலடி விரிந்துகொண்டே போவதன் தடம் என்று விளக்கினார்கள். தொடுபுள்ளி வாக்கியத்தை எழுதுங்கள். ஜெஃப்ரீஸின் எடுகோள்களைப் பட்டியலிட்டு, எது எந்த ஆண்டில் உடைந்தது என்று குறியுங்கள். ஹோம்ஸின் கோட்பாடு வேகனருக்குத் தடையை நீக்கியதா, தாங்கிப் பிடித்ததா? காந்தப் பட்டைகள் வருவதற்கு முன்னும் பின்னும் இந்தக் கேள்விக்குத் தனித்தனியே விடை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஐந்தாம் படியை மறுபடி படியுங்கள்.